கோவையில் கீபோர்டு, டொராண்டோவில் சாக்ஸபோன்: லோஃபை ஜாஸ் கூட்டு வேலையில் தாளமும் சுருதியும் விலகுகின்றன, எப்படிச் சரிசெய்வது?

மழைக்கால_கீஸ் (கேள்வி)

வணக்கம். டெனர் சாக்ஸபோன் வாசிக்கும் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஆறு டிராக் கொண்ட சின்ன ஆல்பம் ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். நான் கோவை, அவர் டொராண்டோ. சாயல் லோஃபை, அதாவது பழைய டேப்பின் இரைச்சலும் மங்கலும் உள்ள ஒலி. ஆனால் நாலு பார் லூப் சுற்றிக்கொண்டே இருக்க, அதன் மேல் சாக்ஸ் மெதுவாக வந்துபோகும் பின்னணி இசை எங்களுக்கு வேண்டாம். ஃப்ரீ ஜாஸ் (கோர்டு, தாளக் கட்டுகளை விட்டு வாசிக்கும் ஜாஸ்) பக்கம் சாய்ந்த பரிசோதனையாக வர வேண்டும். மொத்தம் 26 நிமிடம்; கேசட்டாகவும் பேண்ட்கேம்ப் இசை விற்பனைத் தளத்திலும் வெளியிட எண்ணம்.

என்னிடம் இருப்பவை: எலெக்ட்ரிக் பியானோ பிளகின், எஸ்பி-404 எம்கே2 (ஒலித்துண்டுகளை ஓடவிடும் சாம்பிளர்), பழைய 4 டிராக் கேசட் ரெக்கார்டர், ரீப்பர் பதிவு மென்பொருள். அவரிடம் ஒரு டைனமிக் மைக், இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ், லாஜிக் பதிவு மென்பொருள்.

இப்போது செய்யும் முறை இது: பியானோவைக் கேசட்டில் பதிந்து, பிட்ச் குமிழைக் கொஞ்சம் இறக்கி ஓடவிட்டு, எம்பி3 ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அவர் அதைக் கேட்டு வாசித்து அனுப்புகிறார். பிறகு கேசட்டை மறுபடி ஓடவிட்டு ரீப்பரில் ஏற்றி, அவருடைய டிராக்கோடு சேர்க்கிறேன்.

மூன்று சிக்கல்கள். தொடக்கத்தில் இரண்டும் சேர்ந்து நிற்கின்றன, மூன்றாவது நிமிடத்துக்குள் சாக்ஸ் ஒரு வினாடி விலகிவிடுகிறது. அடுத்து, பியானோ ஏறத்தாழ 30 சென்ட் கீழே இருக்கிறது (நூறு சென்ட் ஒரு செமிடோன், அதாவது பக்கத்துப் பக்கத்து இரு சுரங்களின் இடைவெளி). அவர் மௌத்பீஸை இழுத்து வைத்து வாசித்தாலும் மேல் சுரங்கள் ஒட்டவில்லை. கடைசியாக, இருவரும் அவரவர் டிராக்கில் டேப் பிளகின் (டேப்பின் ஆட்டம், இரைச்சல், மங்கலைப் போலி செய்யும் மென்பொருள்) போட்டுச் சேர்த்தால் மொத்தமும் போர்வைக்குள் வாசிப்பதுபோல் அமுங்கிப்போகிறது.

இதே மாதிரி தூரத்தில் இருந்துகொண்டு வேலை செய்பவர்கள் வழி சொல்லுங்கள்.


நாடா_சுருள்

மூணும் தனித்தனிச் சிக்கல் மாதிரி தெரியுது, வேர் ஒண்ணுதான். டேப்பை ரொம்ப சீக்கிரம் உள்ளே கொண்டுவந்துட்டீங்க.

முதல் சிக்கலோட கணக்கைப் பாருங்க. மூணு நிமிஷத்துக்கு ஒரு வினாடின்னா 0.55 சதவீதம். சுருதியில சுமார் 10 சென்ட். பழைய கேசட் மோட்டாரும் பெல்ட்டும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இந்த அளவு மாறுறது சாதாரணம். அவருக்கு நீங்க அனுப்பினது கேசட்டோட முதல் ஓட்டம், மிக்ஸ்ல வெச்சது ரெண்டாவது ஓட்டம். பிட்ச் குமிழை நடுவுல தொட்டிருந்தா இன்னும் மோசம். சாம்பிள் ரேட் தப்பா இருக்குமோன்னு தேட வேண்டாம். 44.1ல பதிஞ்சதை 48ல ஓடவிட்டா கிட்டத்தட்ட ஒண்ணரை செமிடோன் ஏறிடும், முதல் பார்லயே காது சொல்லிடும்.

அதனால முதல் விதி: டேப்பை ஒரே ஒரு தடவை கம்ப்யூட்டருக்கு மாத்துங்க. அந்த ஃபைல்தான் இனி மூலம். அவருக்குப் போறதும் அதுவே, மிக்ஸ்ல நிக்கிறதும் அதுவே. கேசட்டை மறுபடி ஓட்டவே கூடாது.

அனுப்புற வடிவத்தையும் மாத்துங்க. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ். மோனோவில நிமிஷத்துக்கு 8.6 எம்பி, நாலு நிமிஷ டிராக் 35 எம்பி கூட வராது. வாட்ஸ்அப்லயே அனுப்பலாம், ஆனா ‘டாக்குமெண்ட்’டா அனுப்புங்க, ஆடியோவா அனுப்பினா சுருக்கிடும். எம்பி3 வேண்டாம்னு சொல்றதுக்குத் தரம் மட்டும் காரணமில்லை. அந்த வடிவம் ஃபைலோட தொடக்கத்துல கொஞ்சம் மௌனத்தைச் சேர்க்கும். வழக்கமான அளவு 1105 சாம்பிள், அதாவது 25 மில்லிவினாடி. சில மென்பொருள் அதைக் கண்டுபிடிச்சு வெட்டும், சிலது வெட்டாது. ஸ்விங் இசையில 25 மில்லிவினாடிங்கிறது பீட்டுக்கு மேல நிக்கிறதுக்கும் பின்னால சாய்றதுக்கும் நடுவுல இருக்கிற மொத்த இடைவெளி.

எல்லா ஃபைலும் ஒரே புள்ளியில, முதல் பாரோட முதல் பீட்ல தொடங்கணும். சாக்ஸ் ரெண்டாவது நிமிஷத்துலதான் வருதுன்னாலும் அதுவரைக்கும் மௌனத்தோட சேர்த்தே ஏற்றுமதி பண்ணச் சொல்லுங்க. அதுக்கு முன்னால ரெண்டு பார் எண்ணிக்கை. முடிவுலயும் ஒரு சின்ன ‘டிக்’ வையுங்க. முதல் டிக்கும் கடைசி டிக்கும் ஒட்டினா நடுவுல எதுவும் நகரலைன்னு அஞ்சு வினாடியில தெரிஞ்சுடும். ஃபைல் பேர்ல டிராக் எண், பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை பீட்), கான்சர்ட் சுருதி (பியானோவில ஒலிக்கிற உண்மைச் சுருதி), கருவி, டேக் (பதிவு முயற்சி) எண் இருக்கட்டும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’ன்னு பேர் வைக்க ஆரம்பிச்சா மூணாவது வாரம் எது எதுன்னே தெரியாது.

இன்னொண்ணு, ரெண்டு பேருமே பதிவுத் தாமதத்தை அளக்கணும். இன்டர்ஃபேஸ் அவுட்டிலிருந்து இன்னுக்கு ஒரு கேபிள் போட்டு கிளிக்கை (மெட்ரோனோம் சத்தம்) ஓடவிட்டு, அதையே பதியுங்க. பதிஞ்ச கிளிக் எவ்வளவு தள்ளி விழுந்திருக்குன்னு பாருங்க. 48 சாம்பிள் ஒரு மில்லிவினாடி. ரீப்பர்ல ரெக்கார்டிங் அமைப்புகள்ல கைமுறைத் திருத்தம் போடலாம், லாஜிக்ல ‘ரெக்கார்டிங் டிலே’ இருக்கு. இதைச் செய்யாம ‘அவர் லேட்டா வாசிக்கிறார்’னு முடிவு கட்டாதீங்க.

மூணாவது சிக்கல். அவர் டிராக்ல ஒரு டேப் பிளகின், உங்க டிராக்ல ஒண்ணு. ரெண்டும் வேற வேற வேகத்துல ஆடுது. ஆளுக்கு 15 சென்ட் ஆட்டம்னா சில நொடிகள்ல ரெண்டுக்கும் நடுவுல 30 சென்ட் விரிசல். உண்மையான டேப்ல எல்லாக் கருவியும் ஒரே நாடாவுல சேர்ந்துதான் ஆடும், அதனாலதான் அது காதுக்கு இனிக்குது. இரைச்சலும் அப்படியே: ரெண்டு டிராக் இரைச்சல் சேர்ந்தா 3 டெசிபல், நாலு சேர்ந்தா 6 டெசிபல் ஏறும். 7 கிலோஹெர்ட்ஸ்ல ரெண்டு லோபாஸ் (மேல் அதிர்வெண்களை வெட்டுற வடிகட்டி) அடுத்தடுத்து வந்தா அந்த இடத்துல 3 டெசிபலுக்குப் பதிலா 6 போகும், மேல இன்னும் சரியும். தேய்மானம் எல்லாத்தையும் கடைசியில, மொத்த மிக்ஸ் பஸ்ல (எல்லா டிராக்கும் சேர்ந்து போற வழி), ஒரே தடவை போடுங்க. ஆட்டத்தோட வேகம் 1 ஹெர்ட்ஸுக்குக் கீழ, ஆழம் 8 முதல் 12 சென்ட். சாக்ஸோட சொந்த வைப்ரேட்டோ வினாடிக்கு அஞ்சு தடவை வாக்குல இருக்கும், ஃப்ளட்டரை (டேப்போட வேகமான சுருதி ஆட்டம்) அதே வேகத்துல வெச்சா ரெண்டும் மோதும். லோபாஸை 8 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழ இறக்காதீங்க. ரீடோட காத்துச் சத்தம் போயிட்டா டெனர் வெறும் ஹம் ஆயிடும்.


சப்டோன்

சாக்ஸ் வாசிக்கிற ஆளின்ர பக்கத்தில இருந்து சொல்லுறன்.

30 சென்ட் கீழ இருக்கிற பியானோவுக்கு மௌத்பீஸை இழுத்துச் சுருதி சேர்க்கேலாது. மௌத்பீஸை வெளியில இழுக்க எல்லாச் சுரமும் ஒரே அளவில இறங்காது. குறுகின குழாயில வாற சுரங்கள், நடு சி ஷார்ப் மாதிரி, கூட இறங்கும். கீழ் பி ஃபிளாட், பி எல்லாம் அவ்வளவா இறங்காது. அதால கருவிக்குள்ளயே சுருதி உடைஞ்சு போகும். பிறகு ஒவ்வொரு சுரத்தையும் உதட்டால பிடிச்சு இழுத்துக்கொண்டு ஆர் மனம்விட்டு வாசிக்கிறது?

செய்ய வேண்டியது சுகமான வேலை. அவருக்கு ஏ 440 சுருதியில (வழக்கமான நிலைச் சுருதி), வேகம் குறைக்காத பியானோவை அனுப்புங்கோ. அவர் வாசிச்சு முடிச்ச பிறகு இரண்டையும் சேர்த்து ஒண்டாக வேகம் குறையுங்கோ. ரீப்பரில சுருதியைக் காப்பாற்றுற தெரிவை நிப்பாட்டிப்போட்டு வேகத்தை 0.944 ஆக்கினால் சரியா ஒரு செமிடோன் இறங்கும். 84 பிபிஎம் 79.3 ஆகும். இரண்டு செமிடோன் எண்டால் 0.891, 74.8 பிபிஎம். சாக்ஸின்ர உடம்பே பெருத்த மாதிரிக் கேட்கும், வைப்ரேட்டோவும் சோம்பலாகும், மூச்சும் நீளும். நீங்கள் தேடுற அந்த மங்கின நிறம் இதிலதான் இருக்கு, பிளகினில இல்லை. நீளமும் கூடும் எண்டதை மறக்காதேங்கோ: 4 நிமிடத் துண்டு ஒரு செமிடோன் இறங்கினால் 4:14, இரண்டு இறங்கினால் 4:29. 26 நிமிடக் கணக்கை அதுக்குப் பிறகு போடுங்கோ.

கோர்ட் ஷீட் அனுப்பேக்க கான்சர்ட் சுருதியா, டெனருக்கு மாற்றி எழுதினதா எண்டு மேல பெரிசா எழுதுங்கோ. உங்கட எஃப் மைனர் அவருக்கு ஜி மைனர். நாளைக்கு அவர் ஆல்ட்டோ எடுத்தால் டி மைனர். சுருதி சொல்லுறதுக்கு ஃபைலின்ர தொடக்கத்தில கான்சர்ட் ஏ பத்து வினாடி வையுங்கோ. டொராண்டோ குளிரில கருவி சூடாகிறதுக்கு முதல் வாசிச்சால் கீழதான் நிக்கும். காற்றின்ர சூடு ஒரு டிகிரி மாறினால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் மாறும். பத்து நிமிடம் வாசிச்சுச் சூடாக்கிப்போட்டு ரெக்கார்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்கோ.

மைக்கை பெல்லுக்குள்ள (சாக்ஸின்ர விரிஞ்ச வாய்) நேராப் பார்க்க வைக்க வேண்டாம். கீழ் இரண்டு மூன்று சுரம் மட்டும் பெல்லால வரும், மிச்சம் எல்லாம் துளைகளால வரும். பெல்லை மட்டும் பிடிச்சால் கீழ் பி ஃபிளாட் குண்டு மாதிரி விழும், நடுச் சுரங்கள் மெலியும். 30 முதல் 40 சென்டிமீட்டர் தள்ளி, பெல் விளிம்புக்கும் இடது கை விசைகளுக்கும் நடுவில குறி வையுங்கோ. உச்சம் மைனஸ் 12 டெசிபல். 24 பிட்டில அதுக்கு மேல தள்ள ஒரு தேவையும் இல்லை. விசைத் தட்டல், காற்று மட்டும் ஊதுறது, சப்டோன் (மூச்சோட மெல்லிசா வாற கீழ்ச் சுரம்) எல்லாத்தையும் 10 சென்டிமீட்டரில தனி டேக்காக எடுங்கோ. மல்டிஃபோனிக் (ஒரே நேரத்தில பல சுரம் ஒலிக்கிறது) எடுக்கேக்க எந்த விரல் வைப்பு எண்டு ஃபைல் பேரிலயே எழுதி வைக்கச் சொல்லுங்கோ, பிறகு இன்னொருக்கால் வேணும் எண்டால் தேட வேண்டி வராது.

ஹெட்ஃபோன் மூடின வகையா இருக்கோணும். சப்டோன் வாசிக்கேக்க கிளிக் சத்தம் ஹெட்ஃபோனால கசிஞ்சு மைக்குக்குள்ள விழும், பிறகு எடுக்கேலாது. கிளிக்குக்குப் பதிலா பிரஷ் சத்தம் இரண்டாம், நாலாம் பீட்டில மட்டும் வைச்சால் கசிஞ்சாலும் இசையோட மறையும்.


ஒலித்துண்டு

மேலே சொன்னவற்றில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒரு இடத்தில் மட்டும் இல்லை. ‘தேய்மானம் கடைசியில்’ என்பது பொறியாளர் மனசுக்குச் சரி. வாசிக்கிறவர் காதுக்கு அப்படியில்லை. சுத்தமான, பளிச்சென்ற எலெக்ட்ரிக் பியானோவைக் கேட்டு வாசித்தால் சாக்ஸும் பளிச்சென்றுதான் வரும். நிறையச் சுரம், கூர்மையான தொடக்கம், பெரிய ஒலி. இரைச்சலும் மங்கலும் உள்ள பியானோ கேட்டால் வாசிப்பே குறையும், மூச்சு சேரும். பின்னால் என்ன பிளகின் போட்டாலும் அந்த வித்தியாசத்தைக் கொண்டுவர முடியாது.

ஆகவே இரண்டு ஃபைல் அனுப்புங்கள். ஒன்று சுத்தமானது, மிக்ஸுக்கு. இன்னொன்று அதே புள்ளியில் தொடங்கும், அதே வேகமும் அதே சுருதியும் உள்ள அழுக்கானது, அவர் ஹெட்ஃபோனுக்கு. அழுக்கில் சாச்சுரேஷன் (டேப்பின் மெல்லிய சிதைவு), லோபாஸ், இரைச்சல் எல்லாம் இருக்கட்டும்; சுருதி ஆட்டம் மட்டும் கூடாது. ஆட்டம் இருந்தால் அதைத் துரத்திக்கொண்டே வாசிப்பார்.

ஸ்விங் அளவை (பீட்டின் இரண்டாவது பாதி எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதை) எண்ணாகச் சொல்லுங்கள். ‘கொஞ்சம் ஸ்விங்’ என்று எழுதினால் இருவர் மனதிலும் வேறு வேறு அளவு இருக்கும். 76 பிபிஎம்மில் ஒரு பீட் 789 மில்லிவினாடி. 58 சதவீத ஸ்விங்கில் இரண்டாவது எய்த் நோட் 458இல் விழும், 66 சதவீதத்தில் 521இல். 63 மில்லிவினாடி வித்தியாசம். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் தடுமாற்றமாகவே கேட்கும். எஸ்பி-404இல் வைத்த அளவை அப்படியே அவரிடம் சொல்லுங்கள், அல்லது டிரம் லூப்பையே தனி ஃபைலாகக் கொடுங்கள். அவர் பீட்டுக்கு 20, 30 மில்லிவினாடி பின்னால் சாய்ந்து வாசித்திருந்தால் கிரிட்டுக்கு (மென்பொருளின் தாளக் கோடுகளுக்கு) இழுக்கவே இழுக்காதீர்கள். அது பிழை அல்ல, ஜாஸில் தனி வாசிப்பவர்கள் நிற்கும் இடமே அதுதான். டிரம் நேராக நிற்க, சாக்ஸ் பின்னால் சாய, அந்த இடைவெளியில்தான் லோஃபை டிராக் உயிரோடு இருக்கிறது.

இனி நீங்கள் உண்மையில் கேட்டது: பின்னணி இசையாகப் போய்விடாமல் காப்பது. ஒரே திசையில் ஃபைல் போய் வருகிற வரை அது ‘லூப் மேல் சோலோ’தான். திசையை மாற்றுங்கள். ஆறு டிராக்கில் குறைந்தது இரண்டை அவர் தொடங்கட்டும், கிளிக் இல்லாமல், தனியாக. நீங்கள் அவருக்குக் கீழே கோர்ட் தேடுங்கள். அவர் மூச்சு விடும் இடங்களில் டெம்போ மார்க்கர் வைத்துக்கொண்டே போனால் பார்கள் 4, 5, 7 என்று சமமில்லாமல் வரும், டிரம் சாம்பிளை அந்த மார்க்கர்களில் மட்டும் அடிக்கலாம்.

மற்ற டிராக்குகளில் நீளமாகப் பதிந்து வெட்டுங்கள். மைல்ஸ் டேவிஸின் 1969 ஆல்பம் ‘இன் எ சைலண்ட் வே’யில் தயாரிப்பாளர் டியோ மசெரோ இரண்டு பக்கங்களிலும் தொடக்கப் பகுதியின் டேப்பையே முடிவிலும் ஒட்டினார். இசைக்கலைஞர்கள் வாசித்தது ஒரு முறை, வடிவம் பிறந்தது வெட்டும் மேசையில். இந்தப் பாதை உங்களுக்குத் திறந்தே இருக்கிறது: அவரிடம் 12 நிமிடம் கேளுங்கள், 4 நிமிடம் வையுங்கள். ஆனால் வெட்டலாமா, எந்த அளவுக்கு வெட்டலாம் என்று முன்பே பேசுங்கள். சோலோவின் நடுவே இருந்து இரண்டு சுரத்தைப் பிடுங்கி லூப் ஆக்குவதைச் சிலர் ரசிப்பார்கள், சிலருக்கு அது வாசிப்பை அவமதிப்பது. இதைச் சொல்லாமல் செய்துதான் பெரும்பாலான கூட்டு முயற்சிகள் பாதியில் நிற்கின்றன.

வெறுமனே ‘ஃப்ரீயாக வாசி’ என்று எழுதாதீர்கள். ஃப்ரீ என்றால் எல்லாருக்கும் பழகிய விரல் ஓட்டமே வரும். கட்டுப்பாடு கொடுங்கள். 0:00 முதல் 0:50 வரை காற்றும் விசைத் தட்டலும் மட்டும். 0:50 முதல் 1:40 வரை மூன்றே சுரம், கான்சர்ட் ஈ ஃபிளாட், எஃப், பி ஃபிளாட். 1:40க்கு மேல் பியானோ நின்றுவிடும். அவர் தனியே, ஆனால் ஒலி அளவு மெஸ்ஸோ பியானோவை, அதாவது மிதமான மென்மையைத் தாண்டக் கூடாது. உங்கள் கைக்கும் அதேபோல் ஒன்று: டெனரின் எல்லை ஏறத்தாழ 104 முதல் 659 ஹெர்ட்ஸ் வரை, மின் பியானோவின் தடித்த கோர்டுகளும் அங்கேதான் உட்காரும். அவர் வாசிக்கும்போது வேர்ச் சுரத்தை விட்டுவிட்டு மூன்றாவது, ஏழாவது, இன்னொரு வண்ணச் சுரம் என மூன்று விரல் போதும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சாம்பிளர் பேஸுக்கு விடுங்கள்.


மழைக்கால_கீஸ்

டேப் ஓட்டக் கணக்கு அப்படியே பொருந்துகிறது, சுத்த ஃபைலும் அழுக்கு ஃபைலும் இன்றே தயார் செய்கிறேன். இன்னும் இரண்டு கேள்விகள். ஒரு டிராக்காவது இணையத்தில் நேரலையாகச் சேர்ந்து வாசிக்க ஆசை, சாத்தியமா? இரண்டாவது, உரிமை, வருமானப் பங்கு எல்லாம் எப்படி எழுதிக்கொள்வது? தெருச் சத்தங்களையும் பதிந்து சேர்க்கிறோம், அதில் ஏதாவது பார்க்க வேண்டுமா?


ஃபைபர்_கணக்கு

நேரலைக்குப் பதில்: தாளத்தோடு முடியாது, தாளமில்லாமல் முடியும்.

கண்ணாடி இழையில் ஒளி ஆயிரம் கிலோமீட்டருக்கு 5 மில்லிவினாடி எடுக்கும். கோவைக்கும் டொராண்டோவுக்கும் நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. ஒரு வழிக்கு 65 மில்லிவினாடி என்பது இயற்பியல் போட்ட தரைமட்டம், அதற்கு மேல் இரண்டு பக்கக் கம்ப்யூட்டர்களின் பஃபர் தாமதமும் சேரும். இருவர் தாளத்தைப் பிடித்து வாசிக்க ஒரு வழித் தாமதம் 25, 30 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும், அதாவது அறையில் 10 மீட்டர் தள்ளி நிற்பது மாதிரி. அதைத் தாண்டினால் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து வேகம் இறங்கிக்கொண்டே போகும். ஜாக்டிரிப், ஜமுலஸ், சோனோபஸ் என்று நேரலை இசைக்கான எந்த மென்பொருளைப் போட்டாலும் இந்தத் தூரத்தில் அதேதான். கோவைக்கும் சென்னைக்கும் இடையே என்றால் ஈதர்நெட் கேபிளோடு தாராளமாக முடியும்.

ட்ரோன் (தொடர்ந்து ஒலிக்கும் ஆதாரச் சுரம்), நீண்ட சுரம், பதில் சொல்லி வாசிப்பது, இவற்றுக்கு 100 மில்லிவினாடி ஒரு தடையே இல்லை. செய்முறை: சோனோபஸில் இணைந்து, இருவரும் அவரவர் கருவியைச் சொந்தக் கம்ப்யூட்டரில் 24 பிட்டில் பதியுங்கள். கூடவே எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஒலியையும் தனி டிராக்கில் வழிகாட்டியாகப் பதியுங்கள். பிறகு அவருடைய நல்ல ஃபைலை உங்கள் பக்கத்து வழிகாட்டியோடு பொருத்துங்கள். அப்போது கிடைப்பது நீங்கள் கேட்ட வடிவம். அவர் பக்கத்தில் பொருத்தினால் அவர் கேட்ட வடிவம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழித் தாமதத்தின் இரண்டு மடங்கு, 150 முதல் 200 மில்லிவினாடி வித்தியாசம் இருக்கும், இரண்டும் உண்மையிலேயே வேறு வேறு இசை. உங்கள் ஆல்பத்துக்கு இரண்டையும் இடம், வலம் என்று பிரித்து ஒன்றாக வைக்கும் யோசனையைத் தாராளமாக முயலலாம்.

வைஃபை வேண்டாம், ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம். நேர வித்தியாசம் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை. உங்கள் மாலை ஆறரை அவருக்குக் கோடையில் காலை ஒன்பது. சாக்ஸ் சத்தத்துக்கு அக்கம்பக்கத்தார் ஒத்துக்கொள்ளும் நேரமும் அதுதான்.


உரிமைப்_பக்கம்

இரண்டு உரிமைகளைத் தனித்தனியே எழுதுங்கள். ஒன்று இசையமைப்பு, மற்றொன்று ஒலிப்பதிவு. பெரும்பாலானோர் ‘பாதிக்குப் பாதி’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு இதில்தான் சிக்குகிறார்கள். கோர்டும் மெட்டும் உங்களுடையவை, சோலோ அவருடையது, வெட்டி அடுக்கியது மறுபடி நீங்கள் என்றால் ஒவ்வொரு டிராக்குக்கும் பங்கு மாறும். ஆறு டிராக், ஆறு வரி. இரண்டு உரிமைக்கும் சதவீதம். தேதி, இருவர் கையெழுத்து. ஒரு பக்கம் போதும், ஆனால் முதல் மிக்ஸ் முடியும் முன்பே எழுத வேண்டும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி ஒலிப்பதிவுக்கு ஆசிரியர் அதன் தயாரிப்பாளரே. ஆகவே தயாரிப்பாளர் இருவரும் என்று தெளிவாகக் குறியுங்கள். கூட்டுப் படைப்பு என்பதற்கும் அந்தச் சட்டம் ஒரு வரையறை வைத்திருக்கிறது: ஒருவர் பங்களிப்பை மற்றவர் பங்களிப்பிலிருந்து பிரித்துக் காட்ட முடியாதபடி இருக்க வேண்டும். ஒருவர் மற்றவருக்கு உரிமையை மாற்றித் தருவதாக இருந்தால் 19ஆம் பிரிவு எழுத்து வடிவத்தைக் கட்டாயமாக்குகிறது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒருவர் கனடாவில் இருக்கும்போது இந்த இரண்டாவது வரி முக்கியம், ‘உலகம் முழுவதும்’ என்று எழுதுங்கள். நீங்கள் இந்தியாவின் ஐபிஆர்எஸ்ஸிலும் அவர் கனடாவின் சோகானிலும் (இசை உரிமைத் தொகை வசூலிக்கும் சங்கங்கள்) உறுப்பினராகி, இருவரும் ஒரே தலைப்பு, ஒரே சதவீதத்தோடு பதியுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு கணக்கு இருந்தால் பணம் நின்றுவிடும்.

பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும், கேசட் போன்ற பொருள்களில் 10 சதவீதமும் எடுத்துக்கொள்ளும், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. பணம் ஒரு கணக்குக்குத்தான் வரும். யாருடைய கணக்கு, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பிரிப்பது, கேசட் செலவை முதலில் கழித்துவிட்டுப் பிரிப்பதா என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

தெருச் சத்தம் பற்றி: மழை, பேருந்து, குக்கர் விசில் எல்லாம் தடையில்லை. டீக்கடையில் பதியும்போது பின்னால் சினிமாப் பாட்டு ஓடினால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள். அந்தப் பாட்டின் இசைக்கும் பதிவுக்கும் உரிமையாளர்கள் வேறு, தானியங்கிக் கண்டுபிடிப்பு அமைப்புகள் அதை அடையாளம் காண வாய்ப்பு உண்டு. சந்தா முறையில் கிடைக்கும் டிரம் லூப்பை மாற்றாமல் வைத்தால், அதே லூப் ஆயிரம் பேர் டிராக்கில் இருக்கும். அந்த டிராக்கை யூடியூபின் தானியங்கிக் கண்டுபிடிப்பு அமைப்பான கன்டென்ட் ஐடியில் பதியக் கூடாது.


நாடா_சுருள்

‘ஒலித்துண்டு’ சொன்ன ரெண்டு ஃபைல் யோசனை சரி, அழுக்கு ஃபைல் மிக்ஸுக்குள்ள வராத வரைக்கும் எனக்கும் சம்மதம்.

கேசட் பத்தி யாரும் சொல்லலை, அதைச் சேர்த்துடறேன். 26 நிமிஷத்துக்கு சி-30 எடுங்க, பக்கத்துக்கு 15 நிமிஷம். ரெண்டு பக்கமும் 13, 13ன்னு சமமா வரிசைப்படுத்துங்க. தொடக்கத்துல இருக்கிற வெள்ளை லீடர்ல (காந்தப்பூச்சு இல்லாத நாடாத் துண்டு) எதுவும் பதியாது, பத்து வினாடி மௌனம் விட்டு இசையைத் தொடங்குங்க.

உங்க 4 டிராக் கேசட்டை நகல் போடுறவங்ககிட்ட மாஸ்டரா கொடுக்காதீங்க. அந்த மெஷின் நாலு டிராக்கையும் ஒரே திசையில எழுதுது, சாதாரண டெக்ல போட்டா ரெண்டு டிராக் மட்டும் நேரா வரும், திருப்பிப் போட்டா மத்த ரெண்டும் பின்னோக்கி ஓடும். பல 4 டிராக் மெஷின்கள் இரட்டை வேகத்துல, வினாடிக்கு 9.5 சென்டிமீட்டர்ல ஓடும். சாதாரண டெக் 4.76. டிபிஎக்ஸ் (இரைச்சல் குறைப்பு முறை) போட்டுப் பதிஞ்சிருந்தா அதுவும் அங்க பிரியாது. 24 பிட் வேவ் கொடுங்க.

மிக்ஸ் பஸ்ஸை நிஜ டேப் வழியா ஓட்டுறதா இருந்தா, முதல்ல ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால ஹெட்டையும் கேப்ஸ்டனையும் (நாடாவை இழுக்கிற தண்டு) துடைங்க, பிஞ்ச் ரோலருக்கு (நாடாவை அந்தத் தண்டோட அழுத்துற ரப்பர் உருளை) ஆல்கஹால் தொடாம ஈரத்துணி போதும். நாடாவோட தலைப்புல 10 கிலோஹெர்ட்ஸ் டோன் 20 வினாடி பதியுங்க. வேற டெக்ல ஓட்டி மாத்துறதா இருந்தா, இடம் வலம் ரெண்டையும் மோனோவா சேர்த்து, அந்த டோன் உச்சமா கேக்கிற இடத்துல அஸிமத் திருகை (ஹெட்டோட சாய்வைச் சரிசெய்றது) நிறுத்துங்க. இது தள்ளிப்போனா முதல்ல சாகிறது சாக்ஸோட மூச்சுச் சத்தம்தான்.

வெளியீட்டுக் கேசட் இன்னொரு தலைமுறை டேப், அது தன் பங்குக்கு மேல்பகுதியை எடுக்கும், இரைச்சலும் சேர்க்கும். அதனால பேண்ட்கேம்ப் மாஸ்டர்ல லோபாஸ் 8 கிலோஹெர்ட்ஸ்ல இருந்தா, கேசட் மாஸ்டர்ல 11 வரைக்கும் திறந்து வையுங்க, சேர்த்த இரைச்சலைப் பாதியாக்குங்க. மொத்த ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னால ஒரே ஒரு மாதிரிக் கேசட் வாங்கி, நல்ல டெக்ல ஒரு தடவை, மலிவான பிளேயர்ல ஒரு தடவை, ரெண்டு பக்கமும் முழுசா கேளுங்க.